எலுமிச்சைத் தோலும் இலுப்பைப் பூவும்: வீட்டுச் சாராயம் யாருக்குக் குற்றம்?

எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி போன மாதம் ஒரு வீடியோவை அனுப்பினாள். ஏதோ பெருநகரத்து அடுக்குமாடி வீட்டின் சமையலறை. மேசையில் ஒரு வோட்கா பாட்டில், எலுமிச்சைத் தோல், இஞ்சி, ஏலக்காய், பட்டை. எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டு ஊறவைக்கிறார் ஒருவர். ஒரு வாரம் கழித்து வடிகட்டி, 'வீட்டிலேயே செய்தது, சர்க்கரையும் குறைவு' என்று சிரித்தபடி ஊற்றிக் காட்டுகிறார். வீடியோவுக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "அக்கா, எங்க பெரியம்மாவும் வீட்ல தானே செஞ்சாங்க? அவங்கள மட்டும் ஏன் புடிச்சிட்டுப் போனாங்க?"

அவளுடைய பெரியம்மா மலையடிவாரக் காலனி ஒன்றில் ஊறல் போட்டுக் காய்ச்சி விற்றவர். சிறைக்கும் போய் வந்தவர். இரண்டும் ஒன்றல்ல என்று உடனே பதில் எழுதலாம். வீடியோக்காரர் வரி கட்டிய பாட்டிலை வாங்கி அதில் மணம் சேர்க்கிறார், விற்கவில்லை. பெரியம்மா சாராயத்தையே காய்ச்சினார், விற்றார். சட்டத்தின் கண்ணில் இது பெரிய வித்தியாசம், சரிதான். ஆனால் அந்த வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் யார், எப்போது, எதற்காக என்று கேட்டால், அது நாம் படித்தே ஆக வேண்டிய வரலாறாக விரிகிறது. அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இந்தக் கட்டுரை.

சர்க்கரை எங்கே போகிறது?

முதலில் அறிவியல். ஊறல் என்பது வெல்லம், பழம், பூ, தானியம் என்று இனிப்பு அல்லது மாவுச்சத்து உள்ள ஏதோ ஒன்று தண்ணீரில் புளிப்பது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. புளித்ததைக் காய்ச்சும்போது, தண்ணீரைவிடக் குறைந்த சூட்டில், சுமார் 78 டிகிரியில் கொதிக்கும் ஆல்கஹால் ஆவியாகி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக வடிகிறது. சர்க்கரை ஆவியாகாது. மிச்சம் மீதி இருந்தால் பானையிலேயே தங்கிவிடும். வெல்லத்திலிருந்து காய்ச்சினாலும் வடித்த சாராயத்தில் சர்க்கரை இருக்காது.

ஆகவே 'சர்க்கரை குறைந்த சாராயம்' என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இனிப்பு எப்போதும் பிறகு சேர்க்கப்பட்டதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 'லிக்கர்' எனப்படும் இனிப்பு மதுவில் பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். அதைக் குறைத்துவிட்டு, பழத்தோலின் மணத்தை மட்டும் ஏற்றுவதுதான் அந்த வீடியோவில் வருவது. ஆல்கஹாலுக்கே கிராமுக்கு 7 கலோரி உண்டு. சர்க்கரையைக் குறைத்தால் சர்க்கரைதான் குறையும், மதுவின் கேடு குறையாது. குடியில் முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

நம் ஊரிலும் மணமேற்றுவது உண்டு. சாராய ஊறலில் வெள்வேலம் பட்டையைப் போடுவது பழைய பழக்கம். 'பட்டைச் சாராயம்' என்ற பெயரே அந்தப் பட்டையிலிருந்து வந்தது. கடுக்காய், பழங்கள் என்று ஊருக்கு ஊர் சேர்மானம் மாறும். இன்னும் பின்னால் போனால், பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கூழை ஆற்றி, அரைத்த முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் புளிக்கவைக்கும் முறையை விவரிக்கிறது. அது காய்ச்சி வடித்த சாராயம் அல்ல, புளிக்கவைத்த கள். வீட்டில் செய்து விருந்தினருக்கு வைத்தார்கள் என்று புலவர் வெட்கமில்லாமல் பாடியிருக்கிறார். அதைக் குற்றமாக எண்ணும் பார்வை அந்தப் பாட்டில் இல்லை.

சீமாட்டிக்கு மருந்து, ஏழைப் பெண்ணுக்குச் சிறை

வீட்டில் மணமேற்றிய சாராயம் செய்வதற்கு நன்கு பதிவான வரலாறு இங்கிலாந்தில் இருக்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பெரிய வீடுகளில் காய்ச்சி வடிப்பதற்கென்றே தனி அறை இருந்தது. வீட்டுத் தலைவி ரோஜா, சோம்பு, ஆரஞ்சுத் தோல், மூலிகைகள் போட்டு வடித்து மருந்தாகவும் விருந்துக்கும் வைப்பாள். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கைத்தொழில்களில் அதுவும் ஒன்று. சமையல் குறிப்பு நூல்களில் ஜாம் செய்வதற்குப் பக்கத்திலேயே வடிப்பதற்கும் குறிப்பு இருக்கும்.

அந்த இனிப்புப் பானங்களுக்கான சர்க்கரை பின்னாளில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் விளைவித்த சர்க்கரை அது. 1834இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மொரீஷியஸுக்கும் பிற தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் சேரி மக்கள் பலர். இனிப்பு என்ற சொல்லைக் கேட்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜின் மலிவானது. ஜின் என்பதும் ஜூனிபர் காயின் மணமேற்றிய சாராயம்தான். கிராமத்தை விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்த ஏழைகள் அதைக் குடித்தார்கள். ஏழைப் பெண்கள் தள்ளுவண்டியிலும் கூடையிலும் வைத்து விற்றார்கள். சீரழிவு உண்மையாகவே நடந்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1736இல் வந்த ஜின் சட்டம் என்ன செய்தது? சில்லறை விற்பனைக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம் வைத்தது. கூடைக்காரி வாழ்நாளில் பார்க்காத தொகை அது. காட்டிக் கொடுப்பவருக்கு 5 பவுண்டு பரிசு. பிடிபட்டுச் சிறை போனவர்களில் பெரும்பகுதி தெருவில் விற்ற ஏழைகள். ஆத்திரமடைந்த மக்கள் காட்டிக் கொடுத்தவர்களைத் தெருவில் துரத்தி அடித்தார்கள். சட்டம் தோற்று, 1743இல் திரும்பப் பெறப்பட்டது. 1751இல் ஓவியர் ஹோகார்த் 'ஜின் லேன்' வரைந்தபோது நடுவில் வைத்தது, குடிபோதையில் குழந்தையைக் கைநழுவ விடும் ஏழைத் தாயை. தானியத்தை விற்று லாபம் பார்த்த நிலக்கிழாரை அவர் நடுவில் வைக்கவில்லை.

இலுப்பைப் பூவுக்கு ஒரு சட்டம்

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. மட்டமானதைச் சொல்ல இதைப் பயன்படுத்துகிறோம். உண்மையில் இலுப்பைப் பூ அவ்வளவு இனிப்பானது. மத்திய இந்தியாவிலும் மேற்கு மலைகளிலும் இதன் இனமான மகுவா ஆதிவாசிகளின் உணவு, மருந்து, பஞ்ச காலத்துக் கையிருப்பு, சடங்குப் பொருள். கோடையில் விழும் பூவைப் பொறுக்கி உலர்த்தி வைப்பார்கள். அதில் ஒரு பங்கை ஊறவைத்துக் காய்ச்சுவார்கள். வடித்ததில் பூவின் மணம் இருக்கும், சர்க்கரை இருக்காது. தெய்வத்துக்குப் படைத்து, திருமணத்திலும் சாவிலும் பகிர்ந்து குடித்தது அது.

பிரிட்டிஷ் அரசுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டில் காய்ச்சுகிறவன் வரி கட்ட மாட்டான். 1878இன் பம்பாய் ஆப்காரிச் சட்டம் காய்ச்சும் உரிமையை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உற்பத்தி மத்திய வடிசாலைகளுக்குப் போனது, விற்பனை குத்தகைதாரர்களுக்குப் போனது. ஆதிவாசிகள் காட்டுக்குள் காய்ச்சினார்கள். அதைத் தடுக்க 1892இல் மௌரா சட்டம் என்றே ஒன்றைக் கொண்டுவந்து, பம்பாய் மாகாணத்தின் சில பகுதிகளில் அந்தப் பூவைச் சேகரித்து வைப்பதற்கே கட்டுப்பாடு போட்டார்கள். மரத்திலிருந்து விழுந்த பூ, அதைப் பொறுக்கியவரைச் சட்டத்தின் முன் நிறுத்தியது. தெற்கு குஜராத்தில் நடந்த இந்த மாற்றத்தை ஆராய்ந்த வரலாற்றாளர் டேவிட் ஹார்டிமன், வழக்கமாக இருந்த ஒன்று எப்படிக் குற்றமாக்கப்பட்டது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர் பதிவு செய்த அடுத்த கட்டம் நமக்கு இன்னும் முக்கியம். 1922இல் அதே தெற்கு குஜராத்தில் 'தேவி' இயக்கம் எழுந்தது. சாமியாடிகளின் வாய் வழியாக ஒரு அம்மன் ஆதிவாசிகளிடம் பேசினாள்: சாராயமும் கள்ளும் குடிக்காதே, சாராய வியாபாரிகளிடம் வேலைக்குப் போகாதே. ஆயிரக்கணக்கானவர்கள் குடியை விட்டார்கள். அந்தப் பகுதியில் சாராயக் கடை நடத்தியவர்கள்தான் நிலத்தையும் கடனையும் கையில் வைத்திருந்தார்கள். குடியை விடுவது அவர்களுடைய பிடியிலிருந்து விடுபடும் வழியாக இருந்தது. மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றிப் படிநிலையில் ஏறுவதை 'சமஸ்கிருதமயமாதல்' என்று எம்.என். சீனிவாஸ் பெயரிட்டதை வகுப்பில் படித்திருப்பீர்கள். தேவி இயக்கத்தை அந்தப் பெட்டிக்குள் மட்டும் அடைக்க முடியாது. இவர்கள் மேல்சாதி ஆக முயலவில்லை, கடன்காரனிடமிருந்து தப்பிக்க முயன்றார்கள்.

சென்னை மாகாணத்தில்

இங்கேயும் கதை அதேதான். 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். அரசு அனுமதித்த பெரிய வடிசாலைகளிலிருந்து சாராயம் கடைகளுக்குப் போனது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையோடு வடிசாலையும் இருந்தது. கரும்பாலையின் கழிவுப்பாகு முதலாளியின் சாராயமானால் தொழில், கூலிக்காரியின் வெல்லப் பானையானால் குற்றம்.

1937 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டும் வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம், 2003இல் சில்லறை விற்பனையும் முழுவதாக அரசின் கையில். 2023-24இல் அதன் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். வேடிக்கை என்னவென்றால், இந்த எல்லாக் காலத்திலும் 1937இன் மதுவிலக்குச் சட்டம் திருத்தங்களோடு உயிரோடுதான் இருக்கிறது. டாஸ்மாக்கும் அந்தச் சட்டத்தின் கீழேதான் நடக்கிறது. 1982இல் வந்த, நாம் 'குண்டர் சட்டம்' என்று சொல்லும் தடுப்புக்காவல் சட்டத்தின் முழுப்பெயரைப் படித்துப் பாருங்கள். அதில் முதலில் வருவது குண்டர்கள் அல்ல, கள்ளச்சாராயக்காரர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பிராந்தி, ரம் என்ற பெயரில் விற்கப்படும் மலிவுச் சரக்கில் பெரும்பகுதி, கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சுத்தச் சாராயத்தில் நிறமும் எசென்ஸும் சேர்த்தது. ஆக அதுவும் மணமேற்றிய சாராயம்தான். ஜாடியில் எலுமிச்சைத் தோலுக்குப் பதில் ஆலையில் எசென்ஸ், அவ்வளவுதான்.

மற்ற மாநிலங்களையும் பாருங்கள். கோவாவின் முந்திரிப் பழச் சாராயமான ஃபென்னிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறகு அந்த மாநில அரசு அதைப் பாரம்பரிய பானம் என்று அறிவித்தது. மகுவாவைப் பாரம்பரிய மதுவாக்கப்போவதாக 2021இல் மத்தியப் பிரதேச அரசு அறிவித்தது. ஆதிவாசிகள் தங்கள் தேவைக்குக் காய்ச்ச சில மாநிலங்களில் விலக்கு இருக்கிறது. 1996இன் பெசா சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் மது பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் தருகிறது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே இல்லை. பட்டியல் சாதியினருக்கோ எந்த மாநிலத்திலும் இது பொருந்தாது. வேறொருவருடைய பாட்டில் பாரம்பரியமாகிற காலத்தில், நம் காலனிப் பெண்ணின் பானை இன்னும் கள்ளச்சாராயம்தான்.

அண்ணலும் மதுவிலக்கும்

'அப்படியென்றால் வீட்டுச் சாராயத்துக்கு உரிமை கேட்போமா?' என்று அந்த மாணவி அடுத்து எழுதினாள். நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த இடத்தில் நிதானம் தேவை.

1951இல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. நம் தோழர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கும். அதற்கு அறிக்கை சொன்ன காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. கல்விக்கும் முன்னேற்றத்துக்கும் வேண்டிய அரசு வருவாய் போகிறது, காவலுக்குப் பணம் வீணாகிறது. அதோடு, முன்பு ஆண்கள் கடையில் குடித்தார்கள், இப்போது காய்ச்சுவதே வீட்டுக்குள் வந்துவிட்டதால் பெண்களும் குழந்தைகளும் அதற்குள் இழுக்கப்படுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். வீட்டுச் சாராயத்தை அவர் போற்றவில்லை, அது தடையின் விளைவு என்று பார்த்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1956இல் நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது எடுக்கச் சொன்ன 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று.

இரண்டிலும் முரண் இல்லை. குடியை விடுவது நம் சுயமரியாதையிலிருந்து வரும் முடிவு. அதைப் போலீஸ் லத்தியால் திணித்தால் அடி விழுவது நம் முதுகில்தான். 1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்ததையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். அறிவொளி வகுப்புக்கு வந்த ஏழைப் பெண்கள் தொடங்கிய அந்தப் போராட்டம் மாநிலமெங்கும் பரவி, 1993இல் சாராயத் தடையையும் 1995இல் முழு மதுவிலக்கையும் கொண்டுவந்தது. 1997இல் வருவாயைக் காரணம் காட்டி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. பெண்கள் கேட்டது தங்கள் வீட்டுக் கூலிப் பணத்தையும் அடிபடாத உடம்பையும். அரசு கணக்குப் பார்த்தது கஜானாவை.

கருணாபுரம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தலித்துகளும் தினக்கூலிகளும்தான் அதிகம். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இவர்களைக் கொன்றது மெத்தனால். வெல்ல ஊறலை ஒழுங்காகக் காய்ச்சினால் அதில் மெத்தனால் மிகச் சொற்பமாகவே வரும். உயிரைக் குடிக்கும் அளவு மெத்தனால் ஆலைகளின் கரைப்பானாக, டிரம்மில் வருகிறது. மணத்திலும் சுவையிலும் நல்ல சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தின்கிறது. ஆகவே காய்ச்சுகிற பெரியம்மாவும் டிரம்மில் விஷம் கடத்துகிற கும்பலும் ஒன்றல்ல. 'கள்ளச்சாராயம்' என்ற ஒரே சொல் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. சோதனையில் எளிதாகச் சிக்குவது பானைதான்.

களத்தில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். குடித்தவருக்கு வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத் திணறல், கண் மங்கல் என்றால் தூங்கவிடாதீர்கள், போதை தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரம் குறைவு. போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்து கண்ணையும் உயிரையும் இழந்தவர்கள் உண்டு. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். விஷம் விற்றவனுக்குத் தண்டனை வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் நிவாரணம் அறிவித்தபோது எழுந்த கேலியை மறக்க முடியவில்லை. குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்றார்கள். மெத்தனால் டிரம் எந்த ஆலையிலிருந்து, எந்தச் சாவடிகளைத் தாண்டி வந்தது என்று அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. லண்டனில் ஏழைத் தாயை நடுவில் வைத்து வரைந்த அதே படம், இங்கே செல்போனில் ஓடியது.

அந்த மாணவிக்கு நான் கடைசியாக எழுதியது இதுதான். உன் பெரியம்மா செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பானையால் காலனியில் எத்தனை குடும்பம் அழுதது என்று உனக்கே தெரியும். ஆனால் அவர் ஏன் காய்ச்சினார் என்பதையும் எழுது. நிலம் இல்லை, கூலி இல்லை, கணவன் இல்லை, வேறு வேலையும் தெரியாது. ஒவ்வொரு காலனியிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர்களிடம் போய் உட்காருங்கள். எத்தனை முறை கேஸ், எவ்வளவு அபராதம், எத்தனை மாதம் சிறை, மாமூல் எவ்வளவு, விட்டுவிட நினைத்தபோது மாற்று வேலைக்கு யார் உதவினார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெயரை வெளியிடாதீர்கள். மகுவா பொறுக்கியவர்களைப் பற்றி எழுத ஒரு வரலாற்றாளர் வந்தார். நம் காலனிகளைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.

அவள் நேற்று பதில் போட்டிருந்தாள்: "பெரியம்மா பேச ஒத்துக்கிட்டாங்க அக்கா. ஞாயித்துக்கிழமை போறேன். ரெக்கார்டர் வேணாம், நோட்டு மட்டும் எடுத்துட்டு வான்னு சொன்னாங்க."